ஒற்றை ஃபியூயல் செல்லில் வோல்டேஜ் ஆடுகிறது: கேஸ்கெட் கோளாறா, சேனல் கோளாறா?

கரித்தூள் எழுதியது:

எம்.இ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காக 25 சதுர செ.மீ. பரப்பில் ஒற்றை ஹைட்ரஜன் ஃபியூயல் செல் செய்துகொண்டிருக்கிறேன், இரண்டு மாதமாக வண்டி ஒரே இடத்தில் நிற்கிறது. விவரம் முழுசாகப் போட்டுவிடுகிறேன், அதைச் சொல்லவில்லை இதைச் சொல்லவில்லை என்று பிறகு திட்டாதீர்கள்.

ஹைட்ரஜனையும் காற்றையும் பிரித்து வைக்கும் நாஃபியான் 212 சவ்வு, இரு பக்கமும் வினையூக்கி பூசியே வாங்கியது. அதன் இரண்டு பக்கமும் 235 மைக்ரான் கார்பன் பேப்பர். 10 மி.மீ. கிராஃபைட் பிளேட்டில் கோவையில் ஒரு சிஎன்சி பட்டறையில் வாயு ஓடும் சேனல் வெட்டினோம்: அகலம் 1 மி.மீ., ஆழம் 1 மி.மீ., இரண்டு சேனலுக்கு நடுவே விட்ட இடமும் 1 மி.மீ. ஒரே சேனல்தான், பாம்பு மாதிரி வளைந்து 25 தடவை குறுக்கே போகிறது. ஹைட்ரஜன் பக்கம், காற்றுப் பக்கம் இரண்டும் ஒரே டிசைன். வாயு வரும் துளை பிளேட்டின் மூலையில் இருக்கிறது, அங்கிருந்து சேனல், வாயு கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே போகும். பல செல்களை அடுக்கிச் செய்த பெரிய ஸ்டாக் ஒன்றின் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேன்.

கேஸ்கெட் 0.3 மி.மீ. சிலிக்கான் ரப்பர் ஷீட், ஒவ்வொரு பக்கமும் ஒன்று. 12 மி.மீ. அலுமினிய எண்ட் பிளேட், எட்டு எம்6 போல்ட், 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு. காற்றுக்கு மீன் தொட்டி பம்ப், அது ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் குமிழிவிட்டு ஈரமாகி வருகிறது.

பிரச்சினை இதுதான். லோடு இல்லாமலே 0.81 வோல்ட்தான் காட்டுகிறது. 3, 4 ஆம்பியர் வரை பரவாயில்லை. 6, 7 ஆம்பியர் போனதும் வோல்டேஜ் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்க ஆரம்பிக்கிறது, 10 ஆம்பியரில் 0.3-க்குக் கீழே விழுந்துவிடுகிறது. காற்றுக் குழாயைக் கழற்றி வாயால் ஊதினால் (சிரிக்காதீர்கள்) இரண்டு நிமிடம் நன்றாக ஓடும், மறுபடி அதே கதை.

வெளியே சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. கைடு கேஸ்கெட் லீக் என்கிறார், நண்பன் சேனல் டிசைன் தப்பு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேர்க்கோட்டு இணைச் சேனல் போடு என்கிறான். இன்னும் இறுக்கிப் பார்ப்போம் என்று 7 நியூட்டன் மீட்டர் போனேன், ஒரு பிளேட் மூலையில் விரிசல் விட்டது, அதை ரப்பர் பசை வைத்து அடைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?


பழையஃபிட்டர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த டார்க் ரெஞ்சைக் கீழே வை.

எம்6 போல்ட்டில் 5 நியூட்டன் மீட்டர் என்றால் ஒரு போல்ட் இழுக்கும் விசை 4,000 நியூட்டனுக்கு மேல் வரும் (முறுக்கை 0.2, விட்டம் இரண்டின் பெருக்கலால் வகுத்துப் பார், மரையில் எண்ணெய் இருந்தால் இன்னும் கூடும்). எட்டு போல்ட்டுக்கு 33,000 நியூட்டன், அதாவது மூன்று டன்னுக்கு மேல். உனக்குத் தேவை எவ்வளவு? கார்பன் பேப்பர் மேல் சதுர செ.மீ.க்கு 140 நியூட்டன் போதும், 25 சதுர செ.மீ.க்கு 3,500. கேஸ்கெட் சட்டம் ஒரு 30 சதுர செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொண்டு அதற்கு ஒரு 3,000 கொடு. மொத்தம் 6,500, எட்டாக வகுத்தால் போல்ட்டுக்கு 800 சொச்சம். அதற்கு 1 நியூட்டன் மீட்டர் முறுக்கே கிட்டத்தட்டப் போதும். நீ ஐந்து மடங்கு போட்டிருக்கிறாய், கிராஃபைட் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, ரப்பரைப் பற்றி எல்லோரும் செய்கிற தப்பு. ரப்பர் அமுங்கும் என்று நினைக்கிறோம். அது அமுங்காது, பிதுங்கும். மேலே அழுத்தினால் பக்கவாட்டில் போக இடம் இருந்தால்தான் அதன் தடிமன் குறையும். 0.3 மி.மீ. தடிமனில் ஒரு விரல் அகலத்துக்கு ஷீட் இருந்தால் நடுவில் இருக்கிற ரப்பருக்குப் போக இடமே கிடையாது, கல் மாதிரி நிற்கும். ஓரத்தில் இருப்பது மட்டும் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே பிதுங்கும். உன் செல்லில் அந்த வழி எங்கே இருக்கிறது தெரியுமா? கேஸ்கெட்டுக்கு அடியில் புகுந்து போகிறது என்றாயே, அந்தச் சேனல்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னுடைய 0.81 வோல்ட் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் ஊகம். ஹைட்ரஜன் பிளேட்டில், துளையிலிருந்து உள்ளே போகும் 1 மி.மீ. சேனலுக்கு மேலே கேஸ்கெட் பாலம் மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே தாங்க எதுவும் இல்லை. இறுக்க இறுக்க ரப்பர் அந்தப் பள்ளத்துக்குள் தொங்கும். ஒரு பக்கம் சேனல் வாய் அடைபடும், அது ஒரு கஷ்டம். பெரிய கஷ்டம் எதிர்ப் பக்கத்தில்: காற்றுப் பக்கக் கேஸ்கெட்டுக்கு அந்த 1 மி.மீ. இடத்தில் எதிர்த்து அழுத்த ஆள் இல்லை, அங்கே மட்டும் பிடிப்பு தளர்ந்துவிடும். சவ்வும் கூடவே தொய்யும். ஹைட்ரஜன் அந்த வழியாக ஓரமாகச் சுற்றிக் காற்றுப் பக்கம் போய்விடும். வெளியே வரவே வராது, அதனால் உன் சோப்பு நுரைக்கு அது தெரியாது. 212 சவ்வு ஓட்டையில்லாமல் இருந்தால் லோடு இல்லாதபோது 0.95 பக்கம் காட்ட வேண்டும். 0.81 என்றால் உள்ளுக்குள்ளேயே கலக்கிறது.

சோதனை சுலபம். ஹைட்ரஜனை மூடிவிட்டு அந்தப் பக்கம் நைட்ரஜன் கொடு, அழுத்தம் 0.2 பார் போதும், வெளி வழியை அடைத்துவிடு. காற்றுப் பக்கம் உள்வழியை அடைத்து, வெளிவழிக் குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கு. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிரு. குமிழி ஒழுங்காக வந்துகொண்டே இருந்தால் வழி இருக்கிறது. நைட்ரஜனில் எவ்வளவு வருகிறதோ அதைப் போல இரண்டு மடங்கு ஹைட்ரஜன் போகும் என்று வைத்துக்கொள், ஹைட்ரஜனின் பாகுநிலை அதில் பாதிதான்.

குமிழி வந்தால் அந்தப் பாலத்துக்கு அடியில் மெல்லிய ஸ்டீல் ஷிம் (தாங்கு தகடு) ஒன்று வெட்டி வை, சரியாகிவிடும்.


நீர்வழி எழுதியது:

ஃபிட்டர் அண்ணன் சொன்ன பாலம் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, 0.81-க்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் 10 ஆம்பியரில் விழுவதும் ரம்பப் பல்லும் அதனால் வராது, அது வேறு கணக்கு. கைடும் நண்பனும் ஆளுக்கு ஒரு பாதி நோயைப் பார்த்திருக்கிறார்கள். நண்பன் சொன்ன மருந்துதான் ஆகாது.

சேனலை வாய்க்கால் என்றும் நடுவில் நிற்பதை வரப்பு என்றும் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு அப்படித்தான் ஓடும். உன் வாய்க்கால் 5 செ.மீ. நீளத்தில் 25 தடவை போகிறது, ஆக 1.25 மீட்டர். 1 ஆம்பியருக்குக் காற்று குறைந்தபட்சம் நிமிடத்துக்கு 16.6 மி.லி. வேண்டும், இரண்டு மடங்காகக் கொடுப்பது வழக்கம். 10 ஆம்பியருக்கு 330 மி.லி. வைத்துக்கொள். 60 டிகிரிக்கு அது விரிந்து, 1 சதுர மி.மீ. வழியில் விநாடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில் ஓடும். ரெய்னால்ட்ஸ் எண் 360 சுற்றி வரும், அமைதியான ஓட்டம்தான். சதுரக் குழாய்க்கான உராய்வுக் கணக்கைப் போட்டால் அழுத்த இழப்பு 4.8 கிலோ பாஸ்கல். 24 திருப்பங்களுக்கு ஒரு கிலோ பாஸ்கல் சேர்த்துக்கொள். தண்ணீர் உயரத்தில் சொன்னால் 55, 60 செ.மீ. இதற்கு முன்னால் ஈரப்படுத்தும் பாட்டிலில் குழாய் ஒரு 20 செ.மீ. முங்கியிருந்தால் அதையும் கூட்டு. 80 செ.மீ. ஆயிற்று. மீன் தொட்டி எத்தனை ஆழம் இருக்கும்? முழங்கால் உயரத் தொட்டிக்குச் செய்த பம்பை இடுப்பு ஆழக் கிணற்றில் இறக்கியிருக்கிறாய். பெட்டியில் 3 லிட்டர் என்று போட்டிருப்பார்கள், அது எதிர் அழுத்தம் எதுவும் இல்லாதபோது வருகிற அளவு.

அதனால் 6, 7 ஆம்பியரிலேயே காற்று திணறுகிறது. காற்று குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் தண்ணீர் நகராது. 10 ஆம்பியரில் மணிக்கு 3.4 கிராம் தண்ணீர் உருவாகிறது, கேட்க அற்பம், ஆனால் 1 மி.மீ. வாய்க்காலில் ஒரு சொட்டு குறுக்கே உட்கார்ந்தாலே மடை அடைத்த மாதிரிதான். பின்னால் அழுத்தம் சேரும், சொட்டைத் தள்ளும், வோல்டேஜ் ஏறும், அடுத்த சொட்டு உட்காரும், இறங்கும். உன் ரம்பப் பல் இதுதான். வாயால் ஊதினதற்கு ஏன் சிரிக்க வேண்டும், நீ செய்ததுதான் சரியான சோதனை, நுரையீரல் அந்த பம்பைவிட அழுத்தம் அதிகம் தரும்.

இப்போது நண்பனின் இணைச் சேனல். 25 வாய்க்காலையும் தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒவ்வொன்றின் நீளமும் 25-ல் ஒரு பங்கு, வேகமும் 25-ல் ஒரு பங்கு, அழுத்த இழப்பு 625-ல் ஒரு பங்கு. 4.8 கிலோ பாஸ்கல் 8 பாஸ்கல் ஆகிவிடும், ஒரு மி.மீ. தண்ணீர் உயரம்கூட இல்லை. பம்புக்கு ஆனந்தம். ஆனால் 1 மி.மீ. வாய்க்காலில் அடைத்து நிற்கும் நீர்த்துளியை நகர்த்தப் பரப்பு இழுவிசையை வெல்ல வேண்டும், அதற்கு 100 பாஸ்கலுக்கு மேல் தேவை. 8 பாஸ்கல் அதைத் தொட்டும் பார்க்காது. காற்று என்ன செய்யும்? அடைபட்ட வாய்க்காலை விட்டுவிட்டு மற்ற 24 வழியாகப் போய்விடும். அடைபட்டது அடைபட்டதுதான், அதன் மேல் இருக்கிற சவ்வுப் பகுதிக்குக் காற்றே கிடையாது. கடைமடைக்குத் தண்ணீர் போகாத ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இங்கே தண்ணீரே வில்லன் என்பதுதான் வித்தியாசம்.

நடுவழி ஒன்று இருக்கிறது. மூன்று வாய்க்காலைச் சேர்த்து ஒன்றாக வளைத்துக்கொண்டு போ. நீளம் மூன்றில் ஒன்று, வேகம் மூன்றில் ஒன்று, இழப்பு ஒன்பதில் ஒன்று. 10 ஆம்பியரில் 500, 600 பாஸ்கல், 25 ஆம்பியரில் 1.3 கிலோ பாஸ்கல் சுமார். துளியைத் தள்ளவும் போதும், சுமாரான பம்பும் தாங்கும். ஹைட்ரஜன் பக்கம் உன் பழைய ஒற்றைப் பாம்பே இருக்கட்டும், அங்கே ஓட்டம் நாலில் ஒரு பங்கு, பாகுநிலையும் பாதி, இழப்பு எட்டில் ஒன்றுதான் வரும். இரண்டு பக்கமும் ஒரே டிசைன் போடுவது வரைபடத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

இன்னொன்று, செல்லை எப்படி நிறுத்தி வைத்திருக்கிறாய்? காற்று வெளியேறும் வாய் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இதை மட்டும் மாற்றியே பாதி நோய் தீர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.


மின்னோட்டி எழுதியது:

சேனலே வேண்டாம் என்று ஏன் யாரும் சொல்லவில்லை? டொயோட்டா 2014-ல் விட்ட மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் காற்றுப் பக்கம் சேனல் கிடையாது, நுண்ணிய முப்பரிமாண வலை மாதிரி ஒன்றைத்தான் வைத்தார்கள். வரப்புக்கு அடியில் தண்ணீர் தேங்குகிற பிரச்சினையே இல்லை. 370 செல், 114 கிலோவாட். நம் ஆட்கள் இன்னும் பாம்பு வரைந்துகொண்டிருக்கிறோம்.


நீர்வழி எழுதியது:

அதே டொயோட்டா 2020-ல் இரண்டாவது மிராயில் அந்த வலையை எடுத்துவிட்டு வாய்க்காலுக்கே திரும்பிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தத் தடவை வாய்க்காலை அங்கங்கே குறுக்கிவிட்டார்கள், குறுகும் இடத்தில் காற்று கார்பன் பேப்பருக்குள் தள்ளப்பட்டு வரப்புக்கு அடியில் இருக்கிற தண்ணீரையும் கிளப்பிக்கொண்டு போகும். செல் 330 ஆகக் குறைந்தது, சக்தி 128 கிலோவாட்டாகக் கூடியது. வலை தப்பு என்று சொல்ல வரவில்லை, நல்ல யோசனைதான், ஆனால் டைட்டானியம் தகட்டில் அதை அச்சடிக்கிற வசதி கரித்தூளின் பட்டறைக்காரரிடம் இருக்குமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

தண்ணீரை வெளியேற்றுவது இந்தச் செல்லோடு கூடவே பிறந்த தலைவலி. 1965-ல் ஜெமினி 5 விண்கலத்தில் பறந்த ஜெனரல் எலெக்ட்ரிக் செல்லில் திரி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள், அங்கே கீழே வடிவதற்குக் கீழ் என்று ஒன்றே கிடையாதே.


செம்பருத்தி எழுதியது:

சில வருடம் ஸ்டாக் கட்டுகிற வேலையில் இருந்தவள், இரண்டு இடத்தில் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

ஃபிட்டர் அண்ணா, ஸ்டீல் ஷிம் வேண்டாம். வடிவக் கணக்கு சரி, பொருள்தான் ஆகாது. நாஃபியான் சல்ஃபோனிக் அமிலக் குழுக்கள் கொண்ட சவ்வு, அதன் ஓரத்தில் ஈரத்தோடு ஸ்டீல் இருந்தால் இரும்பு அயனி கொஞ்சமாகக் கரைந்து சவ்வுக்குள் போகும். செல்லுக்குள் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு எப்போதும் உருவாகிக்கொண்டிருக்கும், அதோடு இரும்பு சேர்ந்தால் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) பிறந்து சவ்வை உள்ளிருந்தே அரிக்கும். 50 மைக்ரான் சவ்வு, அரிப்பதற்கு அதிகம் இல்லை. ஒற்றைச் செல்தானே, பாலமே இல்லாமல் பண்ணிவிடலாம்: பிளேட் 10 மி.மீ. தடிமன் இருக்கிறது, பின்பக்கத்திலிருந்து துளை போட்டு, கேஸ்கெட் சட்டத்துக்கு உள்ளே, சேனலின் முதல் புள்ளியில் நேராக எடுத்துவிடு. கேஸ்கெட்டுக்கு அடியில் போகிற பழைய பள்ளத்தைக் கிராஃபைட் தூள் கலந்த எபாக்சியால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்கு. ஸ்டாக் படத்தைப் பார்த்து ஒற்றைச் செல் வரைந்ததால் வந்த வினை இது. ஸ்டாக்கில் பிளேட்டுக்குப் பின்னால் அடுத்த செல் இருப்பதால் ஓரமாக வர வேண்டிய கட்டாயம், உனக்கு அந்தக் கட்டாயமே இல்லை.

இரண்டாவது, அந்த ரப்பர் பசை. காடி வாசனை வந்ததா? வந்திருந்தால் அது காய்கிறபோது அசிட்டிக் அமிலத்தை விடுகிற சிலிக்கான் பசை. அந்த வாசனை போய்விடும், ஆனால் பசையிலிருந்து சின்னச் சின்ன சிலிக்கான் மூலக்கூறுகள் ஆவியாகி வினையூக்கியில் போய் உட்காரும். விரிசல் விட்ட பிளேட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடு. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் பற்றும், அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. வெளிவழிக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டிருக்கிறாயா என்றும் சொல்லவில்லை, விட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

சிலிக்கான் கேஸ்கெட்டே மோசமா என்றால், ஒரு செமஸ்டர் ஓட்டுவதற்கு ஒன்றும் ஆகாது. மலிவு, மிருது, வெட்டச் சுலபம், அதனால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம். ஆயிரக்கணக்கான மணி நேரம் என்று வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அமில ஈரமும் 70, 80 டிகிரி சூடும் சேர்ந்து அதை அரிக்கும், ஹைட்ரஜனும் சிலிக்கானுக்குள் மற்ற ரப்பர்களைவிட மிகத் தாராளமாக ஊடுருவும். எங்கள் பழைய இடத்தில் பிரித்த ஒரு ஸ்டாக்கில் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்த ஓரம் மட்டும் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது, வெளி ஓரம் புதுசு மாதிரி இருந்தது. விலை குறைக்கிறோம் என்று வாங்கும் பிரிவு ஷீட்டை மாற்றியிருந்தது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோபத்தில் அந்தத் துண்டு ஒன்றை ரொம்ப நாள் மேஜையில் வைத்திருந்தேன். இ.பி.டி.எம். ரப்பர் இந்த அமிலச் சூழலை நன்றாகத் தாங்கும். ஃப்ளூரோ ரப்பரும் தாங்கும், ஆனால் விலை அதிகம், குளிரில் விறைத்துக்கொள்ளும்.

உன்னுடைய தடிமன் கணக்கையும் யாரும் இன்னும் தொடவில்லை. பேப்பர் 235 மைக்ரான், அதன் பங்குக்கு வினையூக்கிப் படலம் ஒரு 10 மைக்ரான். பேப்பரைச் சுமார் 20 சதவீதம் அமுக்க வேண்டும் என்றால் இறுக்கிய பிறகு ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நிற்க வேண்டும். உன் 0.3 ரப்பர் 25 சதவீதம் போனாலும் 0.225-ல் நின்றுவிடும், பேப்பர் எட்டு சதவீதம்தான் அமுங்கியிருக்கும், பிளேட்டோடு சரியாக ஒட்டாது, தொடும் இடத்தில் மின்தடை கூடும். அதற்காக நீ இறுக்குகிறாய், இறுக்கியதை எல்லாம் ரப்பர் வாங்கிக்கொள்கிறது, பேப்பருக்குப் போய்ச் சேரவில்லை. 0.25 ஷீட் போடு. அல்லது 0.2-ல் டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணி. அது அமுங்காது, அதனால் பேப்பரின் அமுக்கத்தை அதன் தடிமனே தீர்மானித்துவிடும். சோதனைச் செல்லுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.


பழையஃபிட்டர் எழுதியது:

ஷிம் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன் அம்மா. நான் பார்த்ததெல்லாம் எண்ணெய், நீராவி, கம்ப்ரஸர். அங்கே ஸ்டீல் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், இந்த இரும்பு அயனிக் கதை எனக்குப் புதுசு.

ஆனால் அமுங்காத கேஸ்கெட் பற்றிக் கொஞ்சம் பயம் இருக்கிறது. ரப்பர் ஒரு 50 மைக்ரான் மேடு பள்ளத்தை மன்னித்துவிடும், டெஃப்லான் மன்னிக்காது. பட்டறையில் வெட்டின பிளேட் தட்டையாக இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? தம்பி, சமதளக் கல்லில் பிளேட்டைக் கவிழ்த்துவைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார். பிறகு இன்னொரு சின்ன வேலை: செல்லைச் சவ்வு இல்லாமல் கட்டு, சவ்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பில் புத்தகத்தில் வருகிற கார்பன் தாளும் வை, 1 நியூட்டன் மீட்டர் வரை குறுக்குக் குறுக்காக மூன்று சுற்றில் இறுக்கு, பிரி. தாள் இரண்டும் கொஞ்சம் தடிமன் சேர்க்கும், பரவாயில்லை. மை எங்கே அழுத்தமாக விழுந்திருக்கிறது, எங்கே விழவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதற்கென்றே விலை உயர்ந்த ஃபிலிம் விற்கிறார்கள், முதல் பார்வைக்கு இந்த இரண்டு ரூபாய் வித்தை போதும்.


நீர்வழி எழுதியது:

செம்பருத்தி அக்காவின் தடிமன் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பேப்பரை 20 சதவீதத்துக்கு மேல் அமுக்கினால் அது வாய்க்காலுக்குள்ளும் தொங்கும், குறிப்பாகச் சுருளாக வருகிற மிருதுவான ரகம். 1 மி.மீ. ஆழம் 0.9 ஆனாலே நான் மேலே போட்ட அழுத்தக் கணக்கு கிட்டத்தட்டக் கால் பங்கு மாறிவிடும். அதே மாதிரி கேஸ்கெட் ஜன்னலுக்கும் பேப்பர் ஓரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறாய் என்று பார். ஒரு மி.மீ. இருந்தால் பாம்பு வாய்க்காலில் போக வேண்டிய காற்று ஓரமாகக் குறுக்குவழி பிடித்து நேராக வெளிவாய்க்குப் போய்விடும், வளைத்து வளைத்து வெட்டினதெல்லாம் வீண். சவ்வுக்கும் அந்த இடைவெளியில் தாங்கல் இல்லை, ஈரத்தில் வீங்கிக் காய்ந்து சுருங்கி அங்கேதான் முதலில் கிழியும்.


கரித்தூள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகத் திட்டாமல் இருந்ததற்கு.

முதலில் குமிழிச் சோதனை. விநாடிக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது, எனக்கே பயமாகிவிட்டது. கார்பன் தாளில் மை பார்த்தபோது கேஸ்கெட் சட்டம் முழுக்க நல்ல கறுப்பு, சேனல் அடியில் போகிற இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, ஃபிட்டர் அண்ணா சொன்ன அதே பாலம். நடுவில் பேப்பர் இருக்க வேண்டிய சதுரத்தில் மை கிட்டத்தட்ட விழவே இல்லை. அதாவது இத்தனை நாள் மூன்று டன் போட்டு ரப்பரை மட்டும் நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பேப்பர் ஓரத்தில் 1.5 மி.மீ. இடைவெளி இருந்தது, கத்தரிக்கோலால் வெட்டினது, வேறென்ன சொல்ல.

புது பிளேட் வாங்கிப் பின்பக்கத் துளை போட்டேன். காற்றுப் பக்கம் மூன்று வாய்க்கால், ஹைட்ரஜன் பக்கம் பழைய ஒற்றைப் பாம்பு. ஃபீலர் கேஜில் பிளேட் ஒரு மூலையில் 40 மைக்ரான் தூக்கியிருந்ததால் டெஃப்லான் துணிக்குத் துணிவு வரவில்லை, இப்போதைக்கு 0.25 சிலிக்கான், இ.பி.டி.எம். ஷீட் அந்தத் தடிமனில் தேடிக்கொண்டிருக்கிறேன். முறுக்கு 1.2. குமிழி நின்றுவிட்டது. லோடு இல்லாமல் 0.94 வோல்ட். அதே மீன் தொட்டி பம்பிலேயே 10 ஆம்பியரில் 0.64, ரம்பப் பல் இல்லை. 17 ஆம்பியருக்கு மேல் மறுபடி ஆட ஆரம்பிக்கிறது, அது பம்பின் குற்றம் என்று இப்போது எனக்கே கணக்குப் போடத் தெரிகிறது. காடி வாசனைப் பசைதான் அக்கா, டப்பாவோடு தூக்கிப் போட்டுவிட்டேன். வெளிவழிக் குழாய் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அடுத்து ஐந்து செல் ஸ்டாக் போடச் சொல்கிறார் கைடு. அங்கே பின்பக்கத் துளை போட முடியாதே, அடுத்த செல் இருக்கிறது. அப்போது பாலத்துக்கு என்ன செய்வது?


செம்பருத்தி எழுதியது:

அங்கேயும் பின்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். பிளேட்டை இரண்டு பாதியாகச் செய்து முதுகோடு முதுகு ஒட்டு. நடுவில் குளிர்விக்கும் நீருக்கு எப்படியும் வழி வெட்டப் போகிறாய், அதே இடைவெளியில் மூலைத் துளையிலிருந்து வாயுவுக்கும் ஒரு சின்னச் சுரங்கம் வெட்டி, கேஸ்கெட் கோட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு ஒரு பிளவு வழியாக முன்பக்கம் ஏற்றிவிடு. கேஸ்கெட்டுக்கு அடியில் முழுக்க சமதளம் கிடைக்கும், தொங்க இடமே இருக்காது. வாயுச் சுரங்கத்துக்கும் நீர் வழிக்கும் நடுவில் ஒட்டுகிற கோடு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு பிளேட்டையும் தனியாக நைட்ரஜன் வைத்துப் பார்த்துவிட்டு அடுக்கு, ஐந்தையும் அடுக்கின பிறகு தேட உட்காராதே. ஐந்து செல்லுக்கு நீர் வேண்டாம், காற்றுக் குளிர்விப்பே போதும் என்று முடிவு செய்தாலும் பிளேட்டை இரண்டு பாதியாகவே வைத்துக்கொள். எண்ட் பிளேட் வளைவதைத் தனி இழையாகப் போடு, அது இதைவிடப் பெரிய கதை.